ஒரு நிமிடத்தில் உயிரை எடை போட்டவர்!

குழந்தை பிறந்துவிட்டது. ஆனால் அழவில்லை.

பிரசவ அறையில் எல்லோரும் தாயைக் கவனித்துக்கொண்டு இருக்கிறார்கள். குழந்தையை ஒரு துணியில் சுற்றி ஓரமாகக் கிடத்தி இருக்கிறார்கள். அதன் உடம்பு நீலம் பாரித்து இருக்கிறது. கையும் காலும் துவண்டு கிடக்கின்றன. மூச்சு இருக்கிறதா, இல்லையா? குனிந்து பார்க்க ஆள் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, செத்துப் பிறந்த குழந்தை என்று ஏட்டில் எழுதிவிடுகிறார்கள்.

இது ஏதோ வைத்தியரே இல்லாத காட்டுக் கிராமத்தில் நடந்தது அல்ல. 1940-ம் ஆண்டுகளில் அமெரிக்காவின் ஆஸ்பத்திரிகளிலேயே இப்படி நடந்தது உண்டு. அங்கே கருவிகளுக்குக் குறைவு இல்லை. மருந்துக்குக் குறைவு இல்லை. கெட்டிக்கார டாக்டர்களுக்கும் குறைவு இல்லை. பிறந்த குழந்தையை உடனே பார்க்க வேண்டும், இன்னின்னதைப் பார்க்க வேண்டும் என்ற ஒழுங்குதான் இல்லை.

அந்த ஒழுங்கை உண்டாக்கியவர் ஒரு பெண். அவர் பிரசவ டாக்டர் அல்ல. குழந்தை டாக்டரும் அல்ல. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். அவர் பெயர் விர்ஜினியா ஆப்கார்.

ஓய்ந்து உட்காராத குடும்பம்

அமெரிக்காவில் நியூஜெர்சி மாகாணத்தில் வெஸ்ட்பீல்டு என்று ஓர் ஊர். 1909-ம் ஆண்டு ஜுன் மாதம் 7-ந்தேதி விர்ஜினியா அங்கே பிறந்தார். தகப்பனார் சார்லஸ் ஆப்கார், இன்சூரன்சு கம்பெனியில் உத்தியோகம் பார்த்தார். தாயார் பெயர் ஹெலன்.

தகப்பனாருக்கு உத்தியோகத்தில் பாதி மனதுதான். மீதி மனது கம்பியில்லாத் தந்திக் கருவிகளிலும் வானத்து நட்சத்திரங்களிலும் இருந்தது. 1915-ம் ஆண்டில், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். சேவில் என்ற இடத்தில் ஜெர்மன்காரர்களின் தந்தி நிலையம் ஒன்று இருந்தது. அங்கிருந்து புறப்பட்ட செய்திகளை இவர் வீட்டில் இருந்தபடியே பிடித்து, மெழுகு உருளைகளில் பதிவு செய்து, சர்க்காரிடம் கொடுத்தார். அந்த நிலையத்தைச் சர்க்கார் தன் வசம் எடுத்துக்கொண்டது. காலையில் இன்சூரன்சு, இரவில் துப்பறிதல்!

அந்த வீட்டில் சங்கீதம் இருந்தது. விர்ஜினியா சிறு வயதிலேயே வயலின் பழகினார். துயரமும் இருந்தது. மூத்த மகன் சின்னஞ்சிறு வயதில் காசநோய்க்கு இரையானான். இன்னொரு மகனுக்குத் தீராத தோல் வியாதி. டாக்டர் வந்து போகாத மாதம் இல்லை என்று சொல்லும்படியான வீட்டில் வளர்ந்த பெண், பள்ளிக்கூடப் படிப்பு முடிவதற்குள்ளேயே தானும் டாக்டர் ஆவது என்று முடிவு செய்துவிட்டார்.

பூனை பிடித்த மாணவி

1925-ம் ஆண்டு மவுண்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்லூரியில் சேர்ந்தார். விலங்கியல் படித்தார். உபகாரச் சம்பளம் கிடைத்தது. ஆனால் அது போதவில்லை. ஆகவே, கிடைத்த சில்லறை வேலைகளை எல்லாம் செய்தார். கல்லூரிச் சோதனைச்சாலைக்குத் தெருப்பூனைகளைப் பிடித்துக் கொடுப்பது அதில் ஒன்று.

பூனை பிடித்த நேரம் போக, விளையாட்டுக் கோஷ்டிகளில் ஆடினார். கல்லூரிப் பத்திரிகைக்கு எழுதினார். வாத்தியக் கோஷ்டியில் வயலின் வாசித்தார். எப்போது படித்தார் என்பதுதான் தெரியவில்லை. ஆனால் படித்தார். பாசும் செய்தார்.

1929-ம் ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கில் உள்ள கொலம்பியா வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். வகுப்பில் சுமார் 90 பேர். அதில் பெண்கள் 9 பேர். சேர்ந்த மறு மாதமே அமெரிக்கப் பங்கு மார்க்கெட் கவிழ்ந்தது. லட்சாதிபதிகள் ஓட்டாண்டிகள் ஆனார்கள். பூனை பிடித்துப் படித்த பெண்ணுக்கு என்ன மிஞ்சும்? கடன் வாங்கித்தான் படிப்பை முடித்தார். 1933-ம் ஆண்டு வகுப்பிலேயே நான்காவதாகத் தேறினார். கடன் மட்டும் 4 ஆயிரம் டாலர் நின்றது.

கத்தி கிடைக்கவில்லை

ஆபரேஷன் டாக்டர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. கையும் அதற்கு ஏற்ற கை. பிரஸ்பிட்டேரியன் ஆஸ்பத்திரியில் பயிற்சியும் கிடைத்தது. ஆனால் அங்கே தலைமை டாக்டராக இருந்த ஆலன் விப்பிள் அவரைக் கூப்பிட்டு, அந்த வழியில் போக வேண்டாம் என்று சொன்னார். தன்னிடம் பயிற்சி பெற்ற வேறு பெண்கள் தொழில் நடத்த முடியாமல் திண்டாடுவதை அவர் பார்த்து இருந்தார். பணத் தட்டுப்பாடு நிறைந்த காலம். பெண் கையில் கத்தியைக் கொடுத்து வயிற்றைக் காட்ட ஜனங்களும் தயாராக இல்லை.

விப்பிள் வேறு ஒரு வழியையும் காட்டினார். அந்த நாளில் அமெரிக்காவில் மயக்க மருந்து கொடுக்கும் வேலையைப் பெரும்பாலும் நர்சுகளே செய்தார்கள். அதை ஒரு தனி வைத்தியத் துறையாக வளர்த்தால்தான் ஆபரேஷன் முறையும் வளரும் என்பது அவர் கருத்து. அதற்கு ஆப்காரைப்போல் சுறுசுறுப்பும் மூளையும் உள்ள ஆள் வேண்டும் என்றார்.

அது நல்ல எண்ணத்தில் சொன்ன யோசனைதான். ஆனாலும் ஒரு கதவைச் சாத்திவிட்டுக் காட்டிய யோசனை. ஆப்கார் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கவில்லை. டாக்டர் பட்டம் வாங்கியவர், நர்சுகளிடம் மாணவியாக நின்று மயக்க மருந்து கொடுக்கக் கற்றுக்கொண்டார்.

1937-ம் ஆண்டில், அந்தத் துறையில் புகழ் பெற்ற ரால்ப் வாட்டர்ஸ் என்பவரிடம் படிப்பதற்காக மேடிசன் நகருக்குப் போனார். அங்கே பயிற்சி டாக்டர்களுக்குத் தங்க இடம் இருந்தது, ஆண்களுக்கு. பெண்ணுக்கு இடம் இல்லை. ஆறு மாதத்தில் மூன்று இடம் மாறினார். கொஞ்ச நாள் வாட்டர்சின் ஆபீஸ் அறையிலேயே படுத்துக்கொண்டார். அதன் பிறகு நியூயார்க்கில் பெல்வியூ ஆஸ்பத்திரியில் பயிற்சி. அங்கே வேலைக்காரப் பெண்கள் தங்கும் இடத்தில் ஓர் அறை கிடைத்தது.

1938-ம் ஆண்டு பழைய பிரஸ்பிட்டேரியன் ஆஸ்பத்திரிக்கே திரும்பினார். இப்போது மயக்க மருந்துப் பிரிவின் தலைவி. பெயருக்குத்தான் தலைவி. ஆரம்பத்தில் அந்தப் பிரிவில் அவரைத் தவிர வேறு டாக்டர் இல்லை. ஆபரேஷன் டாக்டர்கள் இவரைச் சரிசமமாக மதிக்கவும் இல்லை. போராடிப் போராடி ஆட்களைச் சேர்த்தார். மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். பதினொரு ஆண்டு உழைப்பில் அந்தப் பிரிவு தனித் துறையாக உயர்ந்தது.

1949-ம் ஆண்டு அவர் முழுப் பேராசிரியை ஆனார். அந்த வைத்தியக் கல்லூரியில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவரே. ஆனால் அவர் பாடுபட்டு வளர்த்த துறைக்குத் தலைவராக எமானுவேல் பாப்பர் என்ற ஆண் டாக்டர் நியமிக்கப்பட்டார். பட்டம் ஒருவருக்கு, நாற்காலி வேறு ஒருவருக்கு! அதற்காக அவர் சண்டை போடவில்லை. நிர்வாகக் காகிதங்களில் இருந்து விடுதலை கிடைத்தது என்று பிரசவப் பகுதிக்குப் போய்விட்டார். அந்த நாற்காலி அவருக்குக் கிடைத்திருந்தால், உலகத்துக் குழந்தைகளுக்கு நஷ்டம் ஆகி இருக்கும்.

முதல் மூச்சு என்பது என்ன?

தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தை நம்மைப்போல் மூச்சு விடுவது இல்லை. அதன் நுரையீரலில் காற்றுக்குப் பதில் நீர் நிறைந்து இருக்கும். வேண்டிய பிராணவாயுவைத் தாயின் ரத்தத்தில் இருந்து நஞ்சு வாங்கி, தொப்புள் கொடி வழியாக அனுப்புகிறது.

குழந்தை வெளியே வந்ததும் அந்தக் கணக்கு முடிகிறது. இனி அது தன் மூச்சைத் தானே விட வேண்டும். நுரையீரலில் உள்ள நீர் விலக வேண்டும். லட்சக்கணக்கான சின்னஞ்சிறு காற்றுப்பைகள் விரிய வேண்டும். ரத்தம் போகும் பாதையே மாற வேண்டும். இத்தனையும் ஒரு சில நிமிடங்களில் நடக்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் வீரிட்டு அழுது இதைச் சாதித்துவிடுகின்றன. ஆகவேதான் பிறந்த குழந்தையின் அழுகுரலைக் கேட்டு, வெளியே காத்து இருப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

சில குழந்தைகள் தயங்குகின்றன. பிரசவம் நீண்டு களைத்துப்போய் இருக்கலாம். கொடி சுற்றி இருக்கலாம். தாய்க்குக் கொடுத்த மயக்க மருந்து கொடி வழியாகக் குழந்தையையும் மயக்கி இருக்கலாம். மயக்க மருந்து டாக்டரான ஆப்காருக்குப் பிரசவப் பகுதியில் அக்கறை பிறந்தது இந்த இடத்தில்தான். தான் கொடுக்கும் மருந்து, தான் பார்க்காத இன்னொரு நோயாளிக்கும் போய்ச் சேருகிறது என்பதை அவர் மறக்கவில்லை.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் குழந்தைச் சாவு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டு வந்தது. ஆனால் பிறந்த முதல் நாளிலேயே சாகும் குழந்தைகளின் கணக்கு மட்டும் குறையவில்லை.

சாப்பாட்டு அறைச் சீட்டு

ஒரு நாள் காலை. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு அறையில் ஆப்கார் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். கூட இருந்த மருத்துவ மாணவர் ஒருவர், பிறந்த குழந்தையின் நிலையை மதிப்பிடுவது எப்படி என்று கேட்டார்.

அது சுலபம் என்று சொன்ன ஆப்கார், கைக்கு எட்டிய ஒரு காகிதத்தை எடுத்தார். சாப்பிட்டவர்கள் தட்டைத் தாங்களே எடுத்து வைக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் அறிவிப்புச் சீட்டு அது. அதில் ஐந்து விஷயங்களை மளமளவென்று எழுதினார். எழுதி முடித்ததும் உட்காரவில்லை. அதைச் சோதித்துப் பார்க்கப் பிரசவப் பகுதிக்கு ஓடினார். (அவர் தன் தட்டை எடுத்து வைத்தாரா என்பது சரித்திரத்தில் இல்லை!)

அந்த ஐந்து விஷயங்கள்தான் இன்று உலகம் முழுவதும் ஆப்கார் மார்க் என்று வழங்குகின்றன.

பத்துக்கு எத்தனை?

குழந்தை முழுதும் வெளியே வந்து ஒரு நிமிடம் ஆனதும் பார்க்கவேண்டும். ஒவ்வொரு விஷயத்துக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று மார்க் உண்டு.

முதலில் இருதயத் துடிப்பு. நிமிடத்துக்கு 100-க்கு மேல் இருந்தால் இரண்டு மார்க். 100-க்குக் குறைந்தால் ஒன்று. துடிப்பே இல்லை என்றால் பூஜ்யம். அடுத்தது மூச்சு. நன்றாக மூச்சு விட்டு உரக்க அழுதால் இரண்டு. மெதுவாக, விட்டு விட்டு மூச்சு வந்தால் ஒன்று. மூச்சே காணோம் என்றால் பூஜ்யம்.

பிறகு குழந்தையின் உணர்ச்சி. உள்ளங்காலைத் தட்டினாலோ, மூக்கில் மெல்லிய குழாயை நுழைத்தாலோ குழந்தை தும்ம வேண்டும், அல்லது அழ வேண்டும். அப்படிச் செய்தால் இரண்டு. முகத்தை மட்டும் சுளித்தால் ஒன்று. அடுத்து, கைகால் மடங்கி நன்றாக அசைகிறதா, அல்லது பழந்துணிபோல் துவள்கிறதா என்று பார்க்கவேண்டும். கடைசியாக உடம்பின் நிறம். உடம்பெல்லாம் ரத்த ஓட்டத்துடன் இருந்தால் இரண்டு. உடம்பு தெளிந்து, கையும் காலும் மட்டும் நீலமாக இருந்தால் ஒன்று. முழுதும் நீலமாகவோ வெளிறியோ இருந்தால் ஒன்றும் இல்லை.

எல்லாம் சேர்ந்து பத்து மார்க். இதற்கு யந்திரம் வேண்டாம். ரத்தம் எடுக்க வேண்டாம். கண், காது, கை, ஒரு கடிகாரம் இவை போதும். கிராமத்து ஆஸ்பத்திரி நர்சும் செய்யலாம். நியூயார்க் பேராசிரியரும் செய்யலாம்.

இன்னொரு விஷயத்திலும் ஆப்கார் கறாராக இருந்தார். பிரசவம் பார்த்தவரே மார்க் போடக்கூடாது என்றார். தான் எடுத்த குழந்தைக்குத் தாராளமாக மார்க் போடுவது மனித சுபாவம் அல்லவா? பரீட்சை எழுதியவரே விடைத்தாளைத் திருத்தலாமா?

1952-ம் ஆண்டு செப்டம்பரில் டாக்டர்கள் மகாநாடு ஒன்றில் தம் முறையை விளக்கினார். மறு ஆண்டு அது வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தது. அதற்காக ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் குறிப்புகளை அவர் அலசி இருந்தார். பூஜ்யம் முதல் 2 வரை மார்க் வாங்கிய குழந்தைகளில் நூற்றுக்கு 14 இறந்துபோயின. 3 முதல் 7 வரை வாங்கியவற்றில் நூற்றுக்கு ஒன்று. 8 முதல் 10 வரை வாங்கியவற்றில் ஆயிரத்துக்கு ஒன்று, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு ஒரு பெரிய உண்மையைச் சொன்னது. ஓரமாகக் கிடத்தப்பட்ட நீலக் குழந்தைகளில் பெரும்பாலானவை பிழைக்கக் கூடியவை. உடனே மூச்சுப்பாதையைச் சுத்தம் செய்து, பிராணவாயு கொடுத்து, நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்த ஆள் இருந்தால் போதும். மார்க் போடுவதற்காகவாவது ஒருவர் குழந்தையின் அருகில் வந்து நிற்க வேண்டி வந்தது. மார்க் குறைந்தால் சும்மா நிற்க முடியவில்லை. பிரசவ அறையில் தாய்க்கு ஒரு டாக்டர், குழந்தைக்கு ஒரு டாக்டர் என்ற வழக்கத்துக்கு அந்தச் சீட்டு வழி திறந்தது.

ரத்தம் சொன்ன சாட்சி

பார்வைக்குத் தெரிவதை மார்க் ஆக்கியாகிவிட்டது. உள்ளே என்ன நடக்கிறது?

பிறந்த குழந்தையின் ரத்தத்தில் பிராணவாயு குறைவாக இருப்பது இயற்கை, அதனால் கெடுதல் இல்லை என்று அப்போது பல டாக்டர்கள் நம்பினார்கள். ஆப்காரும், டங்கன் ஹாலடே, ஸ்டான்லி ஜேம்ஸ் என்ற இரு டாக்டர்களும் அதை ஒத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சியில் இறங்கினார்கள். தொப்புள் கொடியின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். மார்க் குறைந்த குழந்தைகளின் ரத்தத்தில் பிராணவாயு குறைந்தும், அமிலம் மிகுந்தும் இருந்தது. அது இயற்கை அல்ல, ஆபத்து.

அதே ஆராய்ச்சியில் இன்னொன்றும் வெளிப்பட்டது. சைக்ளோபுரோப்பேன் என்ற வாயுவைத் தாய்மாருக்கு மயக்க மருந்தாகக் கொடுத்து வந்தார்கள். ஆப்காருக்கு மிகவும் பிடித்த மருந்து அது. ஆனால் அந்த வாயுவை முகர்ந்த தாய்மாரின் குழந்தைகளே அதிகம் துவண்டு பிறந்தன. கணக்கைப் பார்த்ததும், தமக்குப் பிடித்த மருந்தைத் தாமே கைவிட்டார். மற்ற டாக்டர்களும் பிரசவத்தில் அதைக் கைவிட்டார்கள். தம் கட்சிக்கு விரோதமான சாட்சியைத் தாமே கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள் எத்தனை பேர்?

பிறகு 12 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 17 ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு மார்க் போட்டுப் பார்த்தன. ஒரு நிமிடத்தில் ஒரு முறையும், ஐந்து நிமிடத்தில் இன்னொரு முறையும் பார்ப்பது நல்லது என்று தெரிந்தது. அந்த வழக்கமே நிலைத்தது. தமிழ்நாட்டுப் பிரசவ ஆஸ்பத்திரிகளின் குறிப்பேட்டிலும் இந்த இரண்டு எண்கள் எழுதப்படுகின்றன.

1962-ம் ஆண்டில் டென்வர் நகரக் குழந்தை டாக்டர் பட்டர்பீல்டு ஒரு வேடிக்கை செய்தார். ஆப்கார் என்ற பெயரில் இங்கிலீஷில் ஐந்து எழுத்து. அந்த ஐந்து எழுத்தையே முதல் எழுத்தாகக் கொண்டு தோற்றம், நாடி, முகச்சுளிப்பு, அசைவு, மூச்சு ஆகியவற்றுக்கான இங்கிலீஷ் சொற்களை அடுக்கினார். மாணவர்களுக்கு மனப்பாடம் செய்யச் சுலபமாகப் போயிற்று. இதனால், ஆப்கார் என்று ஒரு மனுஷி இருப்பதே தெரியாமல், அது ஏதோ சுருக்கெழுத்து என்று நினைத்தவர்களும் உண்டு!

இங்கே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. குழந்தைக்குப் பத்து மார்க் வரவில்லையே என்று கவலைப்பட வேண்டியது இல்லை. முதல் நிமிடத்தில் கைகால் கொஞ்சம் நீலமாக இருப்பது சகஜம். குறைமாதக் குழந்தைகளுக்கு மார்க் சற்றுக் குறைவாகவே வரும். பின்னால் பள்ளிக்கூடத்தில் வாங்கப்போகும் மார்க்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இன்னொன்று: மூச்சு விடாத குழந்தைக்கு வைத்தியம் செய்ய, ஒரு நிமிடம் ஆகட்டும், மார்க் போட்டுப் பார்ப்போம் என்று இன்றைய டாக்டர்கள் காத்திருப்பது இல்லை. உடனே தொடங்கிவிடுகிறார்கள். கறுத்த மேனிக் குழந்தையின் உடம்பு நிறத்தைப் பார்த்துச் சொல்வது கடினம் என்பதும் இப்போது தெரிந்த விஷயம். உதடு, நாக்கு ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். பிராணவாயுவை அளக்கச் சிறு கருவியைக் கையில் மாட்டுகிறார்கள்.

கைப்பையில் பேனாக்கத்தி

ஆப்கார் வேகமாகப் பேசுவார். வேகமாக நடப்பார். வேகமாகக் கார் ஓட்டுவார். அவருடைய கைப்பையில் ஒரு பேனாக்கத்தியும், தொண்டைக்குள் பார்க்கும் கருவியும், மூச்சுக்குழாயில் செலுத்தும் குழாயும் எப்போதும் இருக்கும். வழியில் யாருக்காவது மூச்சு அடைத்தால் உடனே காப்பாற்ற வேண்டுமே! தம் கண் முன்னால் எவரும் மூச்சை நிறுத்த விடமாட்டேன் என்பது அவருடைய உறுதி.

அவர் கலியாணம் செய்துகொள்ளவில்லை. வயதான தாயாரைக் கடைசிவரை உடன் வைத்துக் காப்பாற்றினார். தபால் தலை சேர்த்தார். மீன் பிடித்தார். ஐம்பது வயதுக்கு மேல் ஆகாய விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். வயலினை மட்டும் எந்த ஊருக்குப் போனாலும் விடவில்லை.

டெலிபோன் பலகைத் திருட்டு

அந்த வயலின் ஆசையில் அவர் ஒரு திருட்டுக்கும் துணை போனார்!

1950-ம் ஆண்டுகளின் நடுவில், கார்லின் ஹட்சின்ஸ் என்ற பள்ளி ஆசிரியை ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரிக்கு வந்தார். தம் கையாலேயே வயலின் போன்ற வாத்தியங்களைச் செய்கிறவர் அவர். மயக்க மருந்து கொடுக்கப் போன ஆப்கார் அவருக்குச் சினேகிதி ஆகிவிட்டார். வாத்தியம் செய்யும் வித்தையையும் அவரிடம் கற்றுக்கொண்டார். படுக்கை அறையே பட்டறை ஆயிற்று.

ஒரு வாத்தியத்தின் முதுகுப் பலகைக்கு நல்ல மரம் வேண்டும். ஆஸ்பத்திரியின் டெலிபோன் கூண்டில் ஒரு தட்டுப் பலகை இருந்தது. அழகான சுருள் ரேகை ஓடிய மேப்பிள் மரம். ஹட்சின்சின் கண் அதன் மேல் விழுந்தது. கேட்டுப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுக்கவில்லை.

1957-ம் ஆண்டு ஓர் இரவு. இரண்டு பேரும் கருவிகளுடன் வந்தார்கள். பதிலுக்கு வைக்க அதே நிறத்தில் வேறொரு பலகையும் கொண்டுவந்தார்கள். ஆப்கார் காவல் நின்றார். பழைய பலகை கழன்றது. புதிய பலகை பொருந்தவில்லை. கால் அங்குலம் நீளம்! ஹட்சின்ஸ் அதைப் பெண்களின் ஒப்பனை அறைக்குள் கொண்டுபோய் ரம்பத்தால் அறுத்தார். வாசலில் ஆப்கார். அந்த வழியாக வந்த நர்சு ஒருத்தி, ரம்பச் சத்தம் கேட்டுத் திகைத்தாள். இங்கே சில ரிப்பேர் வேலைகளை ராத்திரியில்தான் செய்ய முடியும் என்று பேராசிரியை அமைதியாக விளக்கம் சொன்னார். நர்சும் போய்விட்டாள். அந்தப் பலகை ஒரு வயோலாவின் முதுகு ஆயிற்று. வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம் அது.

ஐம்பது வயதில் மீண்டும் மாணவி

1959-ம் ஆண்டில் ஆப்காருக்கு 50 வயது. இனி ஓய்வு எடுக்கலாம் என்று மற்றவர்கள் நினைக்கும் வயது. அவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்து, பொதுச் சுகாதாரத்தில் பட்டம் வாங்கினார். குழந்தைகளின் மார்க்கைக் கணக்குப் போட்டுப் பார்க்கப் புள்ளிவிவரக் கணக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

அதே ஆண்டில் அவரை ஒரு பெரிய ஸ்தாபனம் அழைத்தது. இளம்பிள்ளை வாதத்தை எதிர்த்துப் போராடுவதற்காக ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1938-ம் ஆண்டு தொடங்கிய ஸ்தாபனம் அது. 1955-ம் ஆண்டு சால்க் தடுப்பு மருந்து வந்ததும், அதன் முதல் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஆகவே, பிறவிக் கோளாறுகளுடன் பிறக்கும் குழந்தைகளின் பக்கம் அது திரும்பி இருந்தது. அந்தப் பகுதிக்கு ஆப்கார் தலைவி ஆனார்.

ஊனமாகக் குழந்தை பிறந்தால் அதை வெளியே சொல்லக் கூசிய காலம் அது. தாய் தன்னையே நொந்துகொள்வாள். ஆப்கார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். டெலிவிஷனில் பேசினார். தாய்மாரிடம் பேசும்போது டாக்டர் பாஷையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்போலப் பேசினார்.

1964, 1965-ம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ருபெல்லா என்ற ஜெர்மன் மணல்வாரி பரவியது. பெரியவர்களுக்கு லேசான காய்ச்சல்தான். ஆனால் கர்ப்பிணிக்கு அது வந்தால் வயிற்றுக் குழந்தையின் கண், காது, இருதயம் எல்லாம் கெடும். அந்த இரண்டு ஆண்டுகளில் சுமார் 20 ஆயிரம் குழந்தைகள் அப்படிப் பிறந்தன. 1969-ம் ஆண்டில் தடுப்பு மருந்து வந்தது. எல்லோருக்கும் அதைப் போடவேண்டும் என்று ஆப்கார் ஓயாமல் வாதாடினார். 1972-ம் ஆண்டில், பத்திரிகை எழுத்தாளர் ஜோன் பெக்குடன் சேர்ந்து, பெற்றோருக்காக ஒரு புத்தகமும் எழுதினார். என் குழந்தை நன்றாக இருக்கிறதா என்று பிரசவித்த தாய் கேட்கும் முதல் கேள்விதான் அதன் பெயர்.

நான்கு வாத்தியங்கள்

கடைசிக் காலத்தில் ஈரல் நோய் அவரைப் பிடித்தது. அப்போதும் அவர் வேலையை விடவில்லை. 1974-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 7-ந்தேதி, தாம் பயிற்சி பெற்ற அதே நியூயார்க் ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 65.

இருபது ஆண்டுகள் கழித்து, 1994-ம் ஆண்டில், அமெரிக்கத் தபால் இலாகா அவருடைய படத்துடன் 20 சென்ட் தபால் தலை வெளியிட்டது. தபால் தலை சேர்த்தவரின் முகம் தபால் தலையில் ஏறியது. அந்த விழா டல்லாஸ் நகரத்தில் குழந்தை டாக்டர்களின் மகாநாட்டில் நடந்தது. நான்கு குழந்தை டாக்டர்கள் மேடையில் உட்கார்ந்து கச்சேரி செய்தார்கள். அவர்கள் கையில் இருந்த நான்கு வாத்தியங்களும் ஆப்கார் தம் கையால் செய்தவை. ஒன்றின் முதுகில் அந்த டெலிபோன் பலகை இருந்தது.